‘நடுத்தர அபாயம்’ என்று வந்த மதிப்பெண்ணை நம்பி இருக்கலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் வயது 37. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். உயரம் 156 செ.மீ., எடை 54 கிலோ. அப்பாவுக்கு 43 வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. இப்போது கண்ணுக்கு லேசர் சிகிச்சை எடுத்து வருகிறார். அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை, ஆனால் அவர் இதுவரை பரிசோதித்துக்கொண்டதும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது குழந்தையைச் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை கூடியிருந்தது. பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது. அண்மையில் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். 50 வந்தது, நடுத்தர அபாயம் என்று இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்தேன்: 5.5. அதிக ரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் 9.4 ஆகக் குறைந்து, இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். “ஒல்லியாக இருக்கிறாய், உனக்கெல்லாம் வராது” என்கிறார் கணவர். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறியிருக்கிறேன். இது போதுமா? நாத்தனார் சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நானும் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் அபாயம் நடுத்தரமானது என்று நான் கருதவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உயர் அபாயப் பிரிவில்தான் உங்களை வைப்பேன். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதும் இதன் பொருள் இல்லை. ஒரு சரியான பரிசோதனையை நீங்கள் இன்னும் செய்துகொள்ளவில்லை, அதை இந்த மாதமே செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். எந்தப் பரிசோதனை, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்போம்.

நீங்கள் போட்டுப் பார்த்தது இந்தியச் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண். சென்னை நகர, ஊரக மக்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் தரவுகளை வைத்து, சென்னையில் உள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கி 2005ஆம் ஆண்டு வெளியிட்டது. ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு அளவு நாடாவும் நான்கு கேள்விகளும் போதும். வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பது அல்லது அதற்கு மேல் என்றால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருந்தால் 0, 80 முதல் 89 வரை 10, 90 அல்லது அதற்கு மேல் என்றால் 20. (ஆண்களுக்கு இதே படிகள் 90, 100 செ.மீ.யில் மாறும்.) முறையான உடற்பயிற்சியும் உடலுழைப்பு மிகுந்த வேலையும் இருந்தால் 0, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 100. முப்பதுக்குக் கீழே குறைந்த அபாயம்; 30 முதல் 50 வரை நடுத்தரம்; 60 தொடங்கி உயர் அபாயம்.

நீங்கள் உங்களுக்குப் போட்டுக்கொண்டது வயதுக்கு 20, இடுப்புக்கு 0, உழைப்புக்கு 20, குடும்பத்துக்கு 10. இதில் எனக்குச் சம்மதம் இருப்பது வயதில் மட்டும்தான்.

உழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை முழுவதும் செய்வதால் ‘இரண்டில் ஒன்று’ என்று குறித்ததாகக் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இரவு பாத்திரம் துலக்கும்வரை ஓயாத ஒரு பெண்ணிடம் உங்களுக்கு உழைப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் களைத்துப் போவது உண்மை. ஆனால் அந்த மதிப்பெண் கேட்பது களைப்பைப் பற்றி இல்லை. மூச்சு வாங்கும் அளவுக்குப் பெரிய தசைகள் தொடர்ந்து இயங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. கிணற்றில் நீர் இறைத்து, உரலில் மாவாட்டிய காலத்து வீட்டு வேலை அந்தக் கணக்கில் வரும். கிரைண்டரும் வாஷிங் மெஷினும் உள்ள வீட்டில், அடுப்படியில் நின்றபடி செய்யும் வேலை பெரும்பாலும் வராது. அதன் பிறகு அலுவலகத்தில் எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலி. எனவே இங்கே 30 போடுங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே நீங்கள் 60ஐத் தொட்டு உயர் அபாயப் பிரிவுக்கு வந்துவிடுகிறீர்கள்.

இடுப்பு 31 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 78.7 செ.மீ.; கோட்டுக்கு ஒன்றரை செ.மீ. கூட உள்ளே இல்லை. சுடிதார் தைக்கக் கொடுத்த அளவு என்றும் சொல்கிறீர்கள். தையற்காரர் பிடிக்கும் இடம் வேறு, மருத்துவ அளவுக்குரிய இடம் வேறு. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தோலின் மேல், நாடாவை இறுக்காமல் வைத்து, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வயிறு மட்டும் வற்றவே இல்லை என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதால், சரியாக அளந்தால் 80ஐத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் 70.

அடுத்து அம்மா. ‘எந்த நோயும் இல்லை’ என்பதும் ‘பரிசோதித்ததே இல்லை’ என்பதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. நம் வீடுகளில் அப்பாக்களுக்கு அலுவலகத்திலோ, ஏதோ ஓர் அறுவை சிகிச்சைக்கு முன்போ ரத்தம் பார்த்துவிடுகிறார்கள். அம்மாக்கள் பலரும் பிரசவத்துக்குப் பின் ஒரு முறைகூட ஆய்வகத்தின் படியேறாமல் அறுபதைத் தொடுகிறார்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்பது வெறும் அனுமானம். உங்கள் அம்மாவின் விடை தெரிந்தால்தான் உங்கள் மதிப்பெண் 70ஆ, 80ஆ என்று சொல்ல முடியும். அவர் ஊரில் தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம்.

இந்த மதிப்பெண்ணைப் பற்றி இன்னொரு செய்தி முக்கியமானது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நோய் வருமா என்று சோதிடம் சொல்வதற்காக இது உருவாக்கப்படவில்லை. இப்போதே சர்க்கரை நோய் இருந்தும் அதை அறியாமல் நடமாடுகிறவர்களைக் குறைந்த செலவில் இனங்காண்பதற்காக உருவானது. அந்த மூல ஆய்வில், 60 என்ற கோட்டை வைத்தபோது, அறியாமல் நோயோடு இருந்தவர்களில் சுமார் 72 சதவீதத்தினர் பிடிபட்டார்கள். நூறு பேரில் 28 பேர் கோட்டுக்குக் கீழேயே தப்பிவிட்டார்கள் என்றும் இதைப் படிக்க வேண்டும். யாரை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய இது மிக நல்ல கருவி. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போட இதைப் பயன்படுத்தக் கூடாது.

அந்த நான்கு கேள்விகளில் இடம்பெறாத ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. என்னை அதிகம் கவலைப்படுத்துவதும் அதுதான். கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடியிருந்தது, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் மிகக் கனமான வரி அது.

கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலைக்குத் தடை போடுகின்றன. எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கிறது. ஆரோக்கியமான கணையம் தன் இன்சுலின் சுரப்பைப் பெருக்கி ஈடுகட்டிவிடுகிறது. கையிருப்பு குறைந்த கணையத்தால் அது முடியாமல் போகும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. புதுப் பாலத்தின் மேல் பாரம் ஏற்றிய லாரிகளை நிறுத்தித் தாங்குகிறதா என்று பார்ப்பது போல, கர்ப்பம் உங்கள் கணையத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரசவத்தோடு பாரம் இறங்கிவிட்டது, எண்கள் சீராகிவிட்டன. கணையத்தின் கையிருப்பு கூடிவிடவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாமல் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு முதல் ஐந்து, பத்து ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்கிறது. நீங்கள் இப்போது நிற்பது அந்தக் கட்டத்தில்தான்.

பிரசவம் முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடித்து ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். அதில் ஒன்றுமில்லை என்றாலும் வாழ்நாள் முழுவதும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு அது நடக்கவில்லை. கைக்குழந்தையோடு பால் கொடுத்துக்கொண்டு, தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு தாயைக் காலையில் வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் ஆய்வகத்தில் உட்காரச் சொல்கிறோம்; பலர் வராமல் போவதில் வியப்பில்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும்போதே தாய்க்கும் இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

சரி, எச்பிஏ1சி 5.5 வந்திருக்கிறதே, 5.7க்குக் கீழ் என்றால் இயல்பு என்றுதானே அச்சிட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். பொதுவாக அது நல்ல பரிசோதனைதான். ஆனால் அது அளப்பது சர்க்கரையை நேரடியாக அல்ல. ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்ற அடிப்படையில்தான் ‘மூன்று மாதச் சராசரி’ என்ற கணக்கே நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் அதிக நாள் சுற்றுவதால் எண் பொய்யாகக் கூடலாம். ரத்தப்போக்கு மிகுந்தாலோ, இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யத் தொடங்கிப் புது அணுக்கள் பெருகினாலோ, எண் பொய்யாகக் குறையும். புது அணுக்களில் சர்க்கரை ஒட்டுவதற்கு இன்னும் நாள் கிடைக்கவில்லை. இவை எல்லாமே இப்போது உங்கள் உடலில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆகவே அந்த 5.5ஐ வைத்து நல்லது என்றோ கெட்டது என்றோ நான் முடிவு செய்ய மாட்டேன். ஹீமோகுளோபின் சீராகி மூன்று, நான்கு மாதங்கள் கழிந்த பிறகு அந்தப் பரிசோதனைக்குத் திரும்பலாம்.

இப்போது உங்களுக்கு வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை. கர்ப்பகாலத்தில் குடித்த அதே திகட்டும் கரைசல்தான். அப்போது சாப்பிட்டிருந்தாலும் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை மட்டும் ரத்தம் எடுத்திருப்பார்கள். இந்த முறை எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போல் சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுங்கள். பரிசோதனைக்காகச் சோற்றைக் குறைத்தீர்களானால் முடிவு பிசகும். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள். இடையில் கடைக்குப் போய் வருவதோ நடப்பதோ வேண்டாம். வாந்தி எடுத்துவிட்டால் அன்று நிறுத்திவிட்டு வேறொரு நாள் செய்யச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருக்கும் நாளிலும் வேண்டாம்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாத நிலையில் இரண்டு எண்களில் ஒன்று மட்டும் கோட்டைத் தாண்டினால், மறுபடியும் ஒரு முறை உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நேர எண் 140 முதல் 199 வரை என்றால் நோய்க்கு முந்தைய நிலை. வெறும் வயிற்று எண்ணில் ஒரு குழப்பம் வரலாம். அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கம் 100 முதல் 125 வரையும், உலக சுகாதார நிறுவனம் 110 முதல் 125 வரையும் முந்தைய நிலை என்கின்றன. ஒரு மருத்துவர் 104ஐ இயல்பு என்றும் இன்னொருவர் கவனம் தேவை என்றும் சொன்னால், இருவரில் யாரும் தவறிழைக்கவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு நான் 100ஐத்தான் கோடாக வைத்துக்கொள்கிறேன்.

ஒல்லியாக இருப்பவருக்கு வராது என்று கணவர் சொல்வதற்கு வருகிறேன். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 22.2. இந்தியர்களுக்கு 23 முதல் அதிக எடை என்று கொள்கிறோம், ஆகவே எடைக்கணக்கில் நீங்கள் சரியாகவே இருக்கிறீர்கள். ஆனால் 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், தன்னையும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பிரிட்டிஷ்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம். நம் உடல்வாகே இப்படித்தான்: தசை குறைவு, கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலைச் சுற்றியும். உணவுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடம் தசைதான். அது மெலிந்திருந்தால் எடைக் கருவி காட்டும் நல்ல எண்ணால் பயனில்லை. கணவர் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்த மதிப்பெண் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். வயதுக்கு 30, பெற்றோருக்கு 20. இந்த ஐம்பதை யாராலும் மாற்ற முடியாது. உழைப்புக்கு 30, இடுப்புக்கு 20; மீதி ஐம்பது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 இந்தியர்களிடம் சென்னையிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியானது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர்கள் பெரிதாக எடை குறையவில்லை என்பது. எடை குறைக்க வேண்டிய தேவை இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி.

நடை என்றால் வாரத்தில் ஐந்து நாள், பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் அரை மணி நேரம். காலையில் முடியவில்லை என்று தெரியும். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், அலுவலகம் முடிந்து ஒரு பஸ் நிறுத்தம் முன்னால் இறங்கிப் பத்து நிமிடம், இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பின் நடப்பது சர்க்கரை ஏற்றத்தை நேரடியாகவே தணிக்கிறது. இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது. ஹீமோகுளோபின் 9.4 என்பதால் மூச்சு வாங்கினாலோ படபடத்தாலோ அன்று நிறுத்திக்கொள்ளுங்கள். ரத்தம் ஏற ஏற வேகத்தைக் கூட்டலாம். ரத்தப்போக்குக்கான காரணத்தை மகளிர் நல மருத்துவரிடம் கண்டறிவதும் தள்ளிப்போடக் கூடாதது.

சாப்பாட்டில் நான் பெரிதாகத் தடை போடவில்லை. மதியச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியல், கீரை, சுண்டல், முட்டை அல்லது மீன் வரட்டும். இரவு சோற்றுக்குப் பதில் கோதுமை என்று மாறிவிட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் நோக்கமே அடிபட்டுப் போகும். நாட்டுச் சர்க்கரை விஷயத்தில் உங்களை ஏமாற்றமடையச் செய்கிறேன், மன்னியுங்கள். ரத்தத்தில் போய்ச் சேரும்போது அதுவும் வெள்ளைச் சர்க்கரையும் ஏறத்தாழ ஒன்றே. எதைப் போடுகிறீர்கள் என்பதைவிட எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி என்பதைப் பாருங்கள்.

நாத்தனாரின் மாத்திரையைத் தொடாதீர்கள். மெட்ஃபார்மின் கெட்ட மருந்து என்பதால் சொல்லவில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுள், முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களிடம் அது நோயை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. உணவும் உடற்பயிற்சியும் அதே அளவு பலன் தந்தன. உங்கள் இரண்டு மணி நேர எண் 140ஐத் தாண்டினால், அந்த மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கு நியாயமான காரணம் இருக்கும். பரிசோதனைக்கு முன்பே அதைச் சாப்பிட்டால் எண்ணை மறைத்துவிடும். மேலும் அது வைட்டமின் பி12ஐக் குறைக்கக்கூடியது. ரத்தசோகை உள்ளவர் மேற்பார்வையில்லாமல் எடுக்கக் கூடாது.

ஆய்வகத்துக்குப் போகும்போது பிரசவகால மருத்துவக் குறிப்பேடு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அப்போதைய எண்கள் மருத்துவருக்கு உதவும். முடிவு இயல்பாக வந்தால் அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடி பாருங்கள். முந்தைய நிலை என்று வந்தால் ஆறு மாதத்தில். இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே ஒரு முறை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கக் கூடாது. இடையில் காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, தாகமும் இரவில் சிறுநீரும் கூடினாலோ, பிறப்புறுப்பில் அரிப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆண்டுக் கணக்கு பார்க்காமல் அன்றே ரத்தம் பாருங்கள்.